குடும்பம் குடியிராத செங்கல் வீடு: கோலாலம்பூர்க் கிட்டங்கியின் வரலாறும் கட்டமைப்பும்

வீடு என்றால் குடும்பம் வாழும் இடம் என்றே நாம் பொருள் கொள்கிறோம். தாயும் தந்தையும் பிள்ளைகளும் அடுப்பும் தொட்டிலும் இல்லாத ஒன்றை வீடென்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை. ஆயினும் கோலாலம்பூரில் அத்தகைய செங்கல் வீடுகள் வரிசையாக நின்ற தெரு ஒன்று உண்டு. மஸ்ஜித் ஜாமெக் நிலையத்திலிருந்து சற்று நடந்தாலே எட்டிவிடக்கூடிய லெபோ அம்பாங் அது. ஆங்கிலேயர் காலத்தில் அதற்கு அம்பாங் தெரு என்று பெயர். அம்பாங் ஈயச் சுரங்கங்களை நோக்கிச் சென்ற பாதை ஆதலின் அப்பெயர். நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அங்கே கடை வைத்து, அக்கடையிலேயே உண்டு, அங்கேயே உறங்கி, அங்கிருந்தே கொடுக்கல் வாங்கல் நடத்தினர். அவர்கள் அக்கட்டடத்தை வீடு என்று அழைக்கவில்லை; கிட்டங்கி என்றனர்.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். சரக்கு வைக்கும் இடத்தைக் கிடங்கு என்கிறோம். கிட்டங்கி அதன் நெருங்கிய உறவுச்சொல். மலாய் மொழியில் சரக்கறையைக் குறிக்கும் ‘குடாங்’ என்னும் சொல் தென்னிந்திய மொழிகளின் இச்சொற்குடும்பத்திலிருந்து சென்றது என்பதும், கீழ்த்திசை வணிகர் வழியே அது ஆங்கிலத்தில் ‘கோடவுன்’ ஆயிற்று என்பதும் சொல்லாய்வாளர் பலரின் கருத்து. ‘கப்பல்’ மலாயில் ‘காப்பால்’ ஆனதும், ‘கடை’ ‘கெடாய்’ ஆனதும் மாணவர்கள் அறிந்தவையே. வணிகர் சென்ற வழியிலேயே சொல்லும் சென்றது. சரக்கு வைக்கும் இடத்துக்குரிய பெயர், பணத்தையே சரக்காகக் கொண்டவர்களின் கூடத்துக்கும் உரியதாயிற்று.

இனி, அக்கூடத்தைத் தாங்கிய செங்கல்லுக்கு வருவோம். கோலாலம்பூர் தொடக்கத்தில் செங்கல் நகரமன்று. 1857இல் ராஜா அப்துல்லா அனுப்பிய சீனச் சுரங்கத் தொழிலாளர் கிள்ளான் ஆற்றின் வழியே மேலேறி, கோம்பாக் ஆறு அதனோடு கலக்கும் இடத்தில் இறங்கினர். அவ்விறங்குதுறையில் எழுந்த ஊர் பலகையாலும் மண்ணாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆனது. குடிசையோடு குடிசை ஒட்டி நின்றது. ஈயத்தின் விலை ஏறினால் ஊர் பெருகும், இறங்கினால் கலையும். கலையக்கூடிய ஊருக்கு ஓலைக் கூரையே போதும் என்று அக்காலத்தவர் எண்ணியதில் வியப்பில்லை.

1880இல் சிலாங்கூரின் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டு சனவரியில் பெருந்தீ மூண்டு ஊரின் பெரும்பகுதியை எரித்தது. அதே ஆண்டு திசம்பரில் வெள்ளம் வந்து, எரியாமல் எஞ்சியதையும் புதிதாகக் கட்டியதையும் கரைத்தது. நெருப்பும் நீரும் ஓராண்டுக்குள் அடுத்தடுத்து வந்து, ஓலையும் மண்ணும் எதற்கும் உதவா என்பதைக் காட்டிவிட்டன. 1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், 1884 முதல் கட்டடங்கள் செங்கல்லும் ஓடும் கொண்டு எழ வேண்டும் என்று விதித்தார். ஆணை பிறந்தால் போதுமா? செங்கல் வேண்டுமே! அந்நாளைய சீனக் கப்பித்தான் யாப் ஆ லோய், நகரின் தெற்கே களிமண் மிகுந்த நிலத்தைச் செங்கல் அறுக்கும் தொழிலுக்காக வாங்கினார். அச்சூளைகள் புகைந்த வயலே பிரிக்பீல்ட்ஸ். இன்று நாம் பட்டுப்புடவைக்கும் பூமாலைக்கும் செல்லும் இடத்தின் பெயரில் சூளையின் வெம்மை இன்னும் இருக்கிறது. 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் பகுதியையும் இணைத்துப் புகைவண்டி ஓடத் தொடங்கியபின் நகரம் செங்கல்லில் விரைந்து வளர்ந்தது. 1897இல் நிறைவுற்ற, இன்று சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் எனப்படும் அரசுச் செயலகத்துக்கு மட்டும் ஏறத்தாழ 40 லட்சம் செங்கற்கள் தேவைப்பட்டன.

செங்கல் என்பது வெறும் கட்டுமானப் பொருளன்று. இங்கே நிலைத்திருக்கலாம் என்னும் இசைவு அது. பிற்காலத்தில் கம்போங் மேடான் முதலிய வட்டாரங்களில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக எழுந்த புறம்போக்குக் குடியிருப்புகளை அறிந்த மூத்தோர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாளை எழுப்பப்படலாம் என்று அஞ்சுகிறவன் சுண்ணாம்பு குழைப்பதில்லை. ஆனால் லெபோ அம்பாங்கில் நிலைமை தலைகீழாக இருந்தது. வீடு நிலையானதாக இருந்தது; அதில் இருந்தவர்கள் நிலையாகத் தங்க வந்தவர்கள் அல்லர்.

கிட்டங்கியின் வெளியுருவம் தென்கிழக்காசிய நகரங்கள் பலவற்றுக்கும் பொதுவான கடைவீடுதான். அதை நாமே வகுத்த வடிவம் என்று பெருமை பேசுவது வரலாறாகாது. தென்சீனக் கட்டடக் கலைஞரின் கைத்திறனும், மலாக்காவின் நீண்ட ஒடுங்கிய மனைகளும், ஆங்கிலேயரின் நகரவிதிகளும் கலந்து உருவானது அது. 1822இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்த ராபிள்ஸ், வீடுகளின் முன்னே தொடர்ச்சியான, கூரையிட்ட நடைபாதை இருக்க வேண்டும் என்று பணித்தார். மலாயில் ‘காக்கி லீமா’ என்றும் நம்மவர் வழக்கில் ‘அஞ்சடி’ என்றும் வழங்கும் அந்நடைபாதை அவ்விதியின் வழித்தோன்றலே. பெயரில் அஞ்சடி, அளவில் பெரும்பாலும் அதனினும் கூடுதல். தமிழர்க்கு அது திண்ணையை நினைவூட்டியிருக்கும். ஆனால் திண்ணை வீட்டுக்காரனுடையது. அஞ்சடியோ அவன் மனையில் இருந்தும் ஊருக்குரியது. இவ்வேறுபாடு சிறிதன்று.

உள்ளே செல்வோம். கடைவீட்டின் அகலம் பொதுவாக 20 அடி அளவில் நிற்கும். அதற்குக் காரணம் அழகன்று, மரம். இரு பக்கச் சுவர்களிலும் ஊன்றி, இடையே தூணின்றிக் கிடக்கும் உத்திரம் அந்நீளத்துக்கு மேல் கிடைப்பதும் தாங்குவதும் அரிது. ஆகவே வீடு அகலத்தில் வளர முடியாமல் நீளத்தில் வளர்ந்தது. 60 அடி, 100 அடி, சில இடங்களில் அதற்கும் மேல். பக்கச் சுவர் அண்டை வீட்டுக்கும் பொதுச் சுவர். ஒரே சுவரில் இப்புறமும் அப்புறமும் உத்திரங்கள் வந்து அமரும். தீ ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குத் தாவாதிருக்க அச்சுவரைக் கூரைக்கு மேலும் உயர்த்திக் கட்டினர். 1881ஆம் ஆண்டின் நெருப்பு அச்சுவரின் உச்சியில் இன்றும் எழுதப்பட்டிருக்கிறது எனலாம்.

நீண்ட வீட்டின் நடுவே இருள் சூழுமல்லவா? அதற்காகவே கூரையைத் திறந்து முற்றம் விட்டனர். மேலிருந்து ஒளி இறங்கும். சூடேறிய காற்று அதன் வழியே மேலெழ, அஞ்சடிப் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படும். மழைநீர் முற்றத்தில் விழுந்து சாக்கடை வழியே ஓடும். ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்யும் ஊரில், வீட்டுக்குள்ளேயே மழையை வரவேற்று வெளியனுப்பும் இந்த ஏற்பாடு துணிச்சலானது. செட்டிநாட்டிலிருந்து வந்தவனுக்கு இது புதிதாகத் தோன்றியிராது. அவன் பிறந்த வீட்டின் நடுவிலும் வானம் இருந்தது; அவன் அதை வளவு என்றான்.

ஒற்றுமை அவ்வளவில் நின்றுவிடுகிறது. செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என ஒவ்வொரு கட்டும் ஓர் உறவுக்கும் ஒரு வினைக்கும் உரியது. வளவைச் சுற்றிய அறைகள் மணமான ஆண்மக்களின் குடும்பங்களுக்கு உரியவை. யார் எங்கே அமரலாம், எந்த வாயிலில் பெண்கள் நிற்பர், எங்கே சடங்கு நடக்கும் என்பதையெல்லாம் சுவரே சொல்லிவிடும். கிட்டங்கியிலோ சுவரே இல்லை. முன்வாயிலிலிருந்து பின்னே செல்லும் ஒரே நீண்ட கூடம். அதன் இரு மருங்கிலும் வரிசையாகப் பல கடைகள். கடை என்பது இங்கே ஓர் இரும்புப் பெட்டி, ஓர் அலமாரி, தரையில் அமர்ந்து எழுதுவதற்கேற்ற சாய்வுக் கணக்குப் பெட்டி, ஒரு பாய், இவ்வளவே. இந்த இடத்துக்குப் பெட்டியடி என்று பெயர். ஒரே கூடத்தில் பல பெட்டியடிகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலாசம், தனித்தனி முதலாளி, தனித்தனிப் பேரேடு. பகலில் கணக்கெழுதிய இடத்திலேயே இரவில் பாய் விரித்து உறங்கினர். சமையல் பின்கட்டில், உணவு பொது, குளியல் பின்புறத்தில்.

இக்கூடத்தில் பதவிகள் இருந்தன, அறைகள் இல்லை. முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் இருப்பார். அவர் சார்பில் வந்த ஏஜண்டே மேலாள். அவருக்குத் துணையாக அடுத்தாள். அவர்களுக்குக் கீழே பெட்டியடிப் பையன். தேநீர் வாங்கி வருவதும், பாக்கி கேட்டு நடப்பதும், ஐந்தொகை எழுதக் கற்பதும் அவன் வேலை. நம் பள்ளிகளில் இடைநிலைப் படிவத்தில் பயிலும் வயதே அப்பையன்களில் பலருக்கும் இருந்தது. தவணைக்கு, பொதுவாக மூன்றாண்டுக்கு, ஒப்பந்தம் செய்துகொண்டு கடல் கடந்து வந்தனர், தவணை முடிந்ததும் ஊர் திரும்பினர், மீண்டும் வந்தனர். மனைவி மக்கள் ஊரிலேயே இருந்தனர். அந்தரங்கம் என்பது கூடத்தில் இல்லை. ஒருவன் வீட்டுக்கு எழுதும் கடிதத்தை அடுத்த பெட்டியடிக்காரன் எட்டிப் பார்க்கலாம். ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவலைப் படித்தவர்கள் இந்த வட்டிக்கடை உலகத்தின் இறுக்கத்தையும் அதற்குள் இருந்த நேர்மையையும் அறிவார்கள். அறையற்ற வாழ்வின் விலையும் பயனும் அதுவே: ஒருவரையொருவர் கண்காணித்தனர், ஆகவே ஒருவரையொருவர் நம்பினர். பலர் கண்முன் நடந்த கொடுக்கல் வாங்கலில் கள்ளக் கணக்குக்கு இடம் குறைவு. திறந்த கூடம் சிக்கனத்தின் விளைவு மட்டுமன்று. ஒரு தணிக்கை முறை. கட்டமைப்பை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். இதைச் சொல்ல எந்தப் பேரேடும் போதாது. கூடத்தில் நின்று பார்த்தால் விளங்கும்.

கூடத்தில் இல்லாத பொதுவெளி கோயிலில் இருந்தது. நகரத்தார் சென்ற ஊரெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தனர். கோலாலம்பூரில் அது செந்தூலில் நிற்கிறது. வணிகத்திலிருந்து மகமை என்னும் பங்கு கோயிலுக்குச் சென்றது. நடப்பு வட்டியை முடிவு செய்யும் கூட்டம் கோயிலில் கூடுவது அவர்கள் மரபு. இன்றைய மைய வங்கியின் பணியில் ஒரு கூறு முருகன் சந்நிதியில் நடந்தது என்று சொன்னால் மாணவர்கள் புன்னகைக்கலாம். ஆனால் உண்மை ஏறக்குறைய அதுதான். லெபோ அம்பாங்கில் எஞ்சிய முகப்புகளில் மயில் உருவம் தென்படுவதற்கும் இந்தப் பக்தியே காரணம்.

இக்கூடங்களிலிருந்து சென்ற கடன் ஈயச் சுரங்கத்துக்கும், ரப்பர்த் தோட்டத்துக்கும், கடைக்காரருக்கும், அரசு எழுத்தருக்கும், மலாய் நிலவுடைமையாளருக்கும் சென்றது. அந்நாளைய ஐரோப்பிய வங்கிகள் சிறு கடன்காரரை ஏறிட்டும் பார்க்கவில்லை என்பதை மறக்கலாகாது. வட்டி கடுமையாக இருந்தது என்பதையும் மறைக்கலாகாது. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை வீழ்ந்தபோது, கடனைத் திருப்ப இயலாதவர்களின் நிலங்கள் கடன் கொடுத்தவர்களிடம் சேர்ந்தன. வட்டிக்கடைக்காரர் பலர் விரும்பியோ விரும்பாமலோ தோட்ட உரிமையாளராயினர். மக்களிடையே மனக்கசப்பும் வளர்ந்தது. 1913இல் பிறந்த மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் 1933இல் திருத்தி இயற்றப்பட்டபோது, அந்நிலங்களை மலாய்க்காரர் அல்லாதாரிடம் அடகு வைக்கும் வழி அடைக்கப்பட்டது. பின்னர் சப்பானியர் ஆட்சி, விடுதலை, குடியுரிமை, வங்கிகளின் பெருக்கம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பாய் விரித்த கூடங்கள் மெல்லக் காலியாயின.

அவர்கள் ஈட்டிய பொருளின் பெரும்பகுதி எங்கே சென்றது என்பதற்கு விடை காரைக்குடியிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் நிற்கிறது. பர்மாத் தேக்கின் தூண்களும், ஆத்தங்குடிப் பூக்கல் தரைகளும், முட்டையின் வெண்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர்களும் கொண்ட மாளிகைகள் அவை. அங்கே சுவரில் முகம் தெரியும். இங்கே லெபோ அம்பாங்கில் வெள்ளையடித்த வெறுஞ்சுவர். ஒரே மனிதனின் இரு வீடுகள் இவை. ஒன்றில் அவன் உழைத்தான். மற்றதில் அவன் குடும்பம் வாழ்ந்தது. ஒன்றைப் பாராமல் மற்றதைப் புரிந்துகொள்ள இயலாது. செட்டிநாட்டு மாளிகையின் படங்கள் உலகெங்கும் பரவியிருக்க, அதற்கு ஈடுகொடுத்த கிட்டங்கியைப் பற்றி நம் பாடநூல்களில் ஒரு பத்தியேனும் இடம்பெற வேண்டாமா?

எஞ்சியவை ஏன் எஞ்சின, மறைந்தவை ஏன் மறைந்தன என்பதற்குச் சட்டம் ஒரு காரணம். 1948 சனவரி 31ஆம் நாளுக்குள் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டிப்போட்டது. வாடகை ஏறாததால் குடியிருப்போர் வெளியேறவில்லை. வருவாய் இல்லாததால் உரிமையாளர் பழுது பார்க்கவில்லை. இடித்துக் கட்டவும் எளிதில் முடியவில்லை. நோயாளியை வாழவும் விடாமல் சாகவும் விடாமல் வைத்திருந்த சட்டம் அது. 1997இல் அது நீக்கப்பட்டு, இடைக்கால ஏற்பாடும் 1999 இறுதியில் முடிந்தபோது, பழைய நகரப் பகுதிகளில் வாடகை உயர்ந்தது. காலிசெய்தலும் இடிப்பும் பெருகின. சிங்கப்பூரில் இதற்கு முன்பே, 1970களில், மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகள் நகரச் சீரமைப்புக்கு இரையாகியிருந்தன.

2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் கட்டடங்களைப் பதிவு செய்து காக்க வழி செய்கிறது. எனினும் பதிவாக ஒரு கட்டடத்துக்காகப் பேச யாரேனும் வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் 1904இல் எழுந்த விவேகானந்த ஆசிரமத்தின் மனையில் அடுக்குமாடிக் கட்டடம் எழுப்பும் திட்டம் 2014இல் வெளிவந்தபோது பொதுமக்கள் திரண்டு எதிர்த்தனர், அது காக்கப்பட்டது. அதே பிரிக்பீல்ட்ஸில் அரசு ஊழியர்க்கென எழுந்து, ‘ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்’ என வழங்கிய வீட்டு வரிசைகள் இடிக்கப்பட்டன. அவற்றில் பிறந்து வளர்ந்தோர் ஏராளம். ஆனால் அவை எவருக்கும் சொந்தமாயிருக்கவில்லை. கிட்டங்கியின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. சொந்தக்காரர் உண்டு, அங்கே பிறந்தவர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. குடும்பம் வாழாத வீட்டுக்காக அழுவதற்குப் பேரப்பிள்ளைகள் வருவதில்லை.

காப்பது என்று முடிவான இடங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. என் பார்வையில் இடிப்பதைவிட இது நுட்பமான இழப்பு. தெருவிலிருந்து தெரியும் முகப்பை மட்டும் நிறுத்தி, உள்ளே கூடத்தை அறைகளாகத் தடுத்து, முற்றத்தைக் கண்ணாடியால் மூடிக் குளிரூட்டி அமைத்துவிட்டுப் பழமை காக்கப்பட்டது என்கிறார்கள். முகப்பு எல்லாக் கடைவீட்டுக்கும் பொதுவானது. கிட்டங்கியைக் கிட்டங்கியாக்கியது தடுப்பற்ற கூடம். அது போனபின் மயில் ஓடு மட்டும் நின்று என்ன சொல்லும்?

பழுது பார்ப்பதிலும் கவனம் வேண்டும். அக்காலச் செங்கல் விறகுச் சூளையில் வெந்தது, மென்மையானது, நுண்துளை மிக்கது, தரையின் ஈரத்தை உறிஞ்சும். அதன்மேல் பூசிய சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சுவர் மூச்சுவிட்டது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். நன்மை செய்வதாக எண்ணி அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். உப்புப் பூத்துச் செங்கல் பொடியாகும். வெளியே வழவழப்பாகத் தெரியும் சுவர் உள்ளே மணலாகிக்கொண்டிருக்கும். சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்துக்கு 2,500 பீப்பாய் சிமென்ட் செலவாக, சுண்ணாம்பு 18,000 பிக்கல், அதாவது 1,000 டன்னுக்கும் மேல், செலவாயிற்று. அந்நாளைய நகரத்தைப் பிணைத்தது சுண்ணாம்பே என்பதற்கு இக்கணக்கே சான்று.

வரலாற்று வகுப்பை ஒரு நாள் லெபோ அம்பாங்குக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், வழிகாட்டி நூலைக் கையில் கொடுப்பதற்கு முன் ஓர் அளவுநாடாவைக் கொடுக்கலாம். அஞ்சடியின் அகலம், முகப்பின் அகலம், சுவரின் தடிமன் ஆகியவற்றை மாணவர்களே அளந்து குறிக்கட்டும். பிறகு நகரின் பழைய தெருக்களில், வரிசையில் ஒரு வீடு இடிக்கப்பட்டு வெற்றிடமாகக் கிடக்கும் மனை ஒன்றைத் தேடட்டும். அங்கே அண்டை வீட்டின் பொதுச் சுவரில், இல்லாமற்போன வீடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். உத்திரங்கள் அமர்ந்திருந்த சதுரக் குழிகள் ஒரே மட்டத்தில் வரிசையாகத் தெரியும். அவற்றை எண்ணினால் மாடியின் நீளம் தெரியும். சாய்வாக ஏறும் கறை மாடிப்படி இருந்த இடம். குழிகளின் வரிசை இடையில் சில அடி அறுந்து, சுவரில் பாசி படிந்திருந்தால், அங்கேதான் முற்றம் இருந்தது. தடுப்புச் சுவர் பிணைந்திருந்த தழும்பு எங்கும் இல்லையென்றால், அது ஒரே கூடம்.